பெரிய படத்தில் மட்டும் ஹிஸ்டோகிராம் அணி காலியாக வருகிறது: சி நிரலுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இடையே அணிகளைக் கொடுத்து வாங்குதல்

#1 ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் வணக்கம். வருடியில் எடுத்த பழைய அச்சுப் பக்கங்களின் பழுப்பை நீக்கி, எழுத்தைக் கறுப்பாகவும் தாளை வெள்ளையாகவும் பிரித்துத் தரும் சி நிரல் ஒன்று எங்களிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை உலாவியிலேயே ஓடவைப்பதற்காக எம்ஸ்கிரிப்டன் என்ற மொழிமாற்றி (கம்பைலர்) கொண்டு, உலாவி நேரடியாக ஓட்டக்கூடிய வெப்அசெம்ப்ளி என்ற வடிவத்துக்கு மாற்றினேன். மாற்றும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது; அணிகளைக் கொடுத்து வாங்குவதில்தான் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிரல் அலுவலகத்தின் உடைமை என்பதால் இங்கே ஒட்ட இயலாது; நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலக் என்ற சி செயற்கூற்றை அழைத்து 1024 பைட் கேட்கிறேன். ஒவ்வோர் ஒளிர்வு நிலையிலும் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி வைக்கும், 256 முழு எண்கள் கொண்ட ஹிஸ்டோகிராம் அதில் அமரும். கிடைத்த முகவரியின்மீது, அந்த இடத்தை முழு எண்களாகப் படிக்கும் இன்ட்32அரே என்ற ஜாவாஸ்கிரிப்ட் அணியை அமைத்து, அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறேன். அடுத்து, உலாவியின் வரைபரப்பான கேன்வாஸிலிருந்து வரும் படப்புள்ளிகளுக்காக இன்னொரு மாலக். சி நிரலின் நினைவகத்தைப் பைட்டுகளாகக் காட்ட எம்ஸ்கிரிப்டன் தரும் ஹீப்யு8 அணியின் செட் என்ற செயற்கூறு வழியாகப் படத்தை அங்கே எழுதி, இரண்டு முகவரிகளையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் சி செயற்கூற்றிடம் கொடுக்கிறேன். அது திரும்பிய பின், முன்பே அமைத்து வைத்த இன்ட்32அரேயைப் படித்து, ஓட்சு என்ற ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட முறைப்படி கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எல்லையை ஜாவாஸ்கிரிப்டில் கணக்கிடுகிறேன்.

600க்கு 800 அளவுள்ள சோதனைப் படத்தில் எந்தப் பிசகும் இல்லை. 4000க்கு 3000 அளவுள்ள உண்மையான பக்கத்தைக் கொடுத்தால் எல்லை ‘நாட்-எ-நம்பர்’ (எண் அல்ல) என்று வருகிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. அதே படத்தை மேசைக்கணினியில் சி நிரலுக்கு நேரடியாகக் கொடுத்தால் விடை சரியாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பெரிய படம் கொடுத்தவுடன் நினைவகம் போதவில்லை என்று நிரல் நின்றுவிடும். நினைவகம் வளர அனுமதிக்கும் கொடியைக் கம்பைலருக்குக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை போய், இந்தத் தொல்லை வந்தது.

#2 புதுவரவு

அண்ணா, மாலக்கையும் முகவரியையும் நீங்களே கையாள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சி செயற்கூறுகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைக்க எம்ஸ்கிரிப்டனில் சி-ராப் என்ற உதவிச் செயற்கூறு இருக்கிறது. அதில் அளபுருவின் வகையை ‘அரே’ என்று குறிப்பிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அணியை அப்படியே கொடுக்கலாம். நான் ஒரு சிறிய பயிற்சியில் இப்படித்தான் செய்தேன், நன்றாகவே வேலை செய்தது.

#3 பைட்_எண்ணி

புதுவரவு சொல்வது சிறிய பயிற்சிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. அந்த ‘அரே’ வகை நீங்கள் தரும் அணியை ஸ்டேக் என்ற சிறிய தற்காலிக நினைவகப் பகுதியில் நகலெடுத்து, அழைப்பு முடிந்தவுடன் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அண்மைப் பதிப்புகளில் ஸ்டேக்கின் இயல்பான அளவு 64 கிலோபைட். 4000க்கு 3000 படத்தில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 இலட்சம் பைட் இருக்கிறது. செம்புக்குள் குளத்தை ஊற்ற முடியாது. இடம் இருந்தாலும், சி நிரல் எழுதும் விடை அந்தத் தற்காலிக நகலோடு போய்விடுமே தவிர உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் அணிக்கு வந்து சேராது. மேலும் அது 8 பிட் எண்களுக்கு மட்டும் உரியது. 0.7, 0.3 என்று பின்ன எண்கள் கொண்ட அணியைக் கொடுத்தால் எல்லாம் 0 ஆகிப் போகும், அதையும் அது சொல்லாது.

இனி ஏட்டுச்சுவடிக்கு. சி செயற்கூறு திரும்பிய உடனே, ஹிஸ்டோகிராமுக்காக வைத்திருக்கும் மாறியின் நீளத்தைக் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். 256 என்று வருகிறதா, 0 என்று வருகிறதா?

#4 ஏட்டுச்சுவடி

சிறிய படத்தில் 256. பெரிய படத்தில் 0. அமைத்த இடத்துக்கு அடுத்த வரியில் அச்சிட்டால் பெரிய படத்திலும் 256 என்றே இருக்கிறது. இரண்டாவது மாலக்கைத் தாண்டியதும் 0 ஆகிவிடுகிறது. நான் அந்த மாறியைத் தொடவே இல்லை ஐயா.

#5 பைட்_எண்ணி

நீங்கள் தொடவில்லை, மாலக் தொட்டது.

வெப்அசெம்ப்ளியாக மாறிய உங்கள் சி நிரலுக்கு அணி என்று ஒன்று தெரியாது. அதற்கு இருப்பது ஒரே நீளமான நினைவகப் பட்டை. அது 65,536 பைட் கொண்ட பக்கங்களாக அளக்கப்படுகிறது. எம்ஸ்கிரிப்டன் இயல்பாகக் கொடுக்கும் தொடக்க ஹீப் (மாலக் இடம் எடுக்கும் பகுதி) 16 மெகாபைட், அதாவது 256 பக்கங்கள். ஜாவாஸ்கிரிப்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பட்டை முழுவதும் ஓர் அரேபஃபர், அதாவது வெறும் பைட்டுகளின் தொகுதி. ஹீப்யு8, பின்ன எண்களுக்கான ஹீப்எஃப்32, உங்கள் இன்ட்32அரே எல்லாமே அந்த ஒரே பஃபரின்மீது வைத்த வியூக்கள், அதாவது அதை எட்டிப்பார்க்கும் ஜன்னல்கள். உங்கள் சிறிய படம் 19 இலட்சத்து 20 ஆயிரம் பைட். இருக்கிற இடத்திலேயே அடங்கிவிட்டது. பெரிய படத்துக்குத் தனியாகவே 733 பக்கங்கள் வேண்டும். எனவே மாலக் நினைவகத்தை வளர்த்தது. அப்படி வளரும்போது பழைய அரேபஃபர் துண்டிக்கப்பட்டு, புதிய நீளத்தில் வேறோர் அரேபஃபர் பிறக்க வேண்டும் என்பது வெப்அசெம்ப்ளி விவரக்குறிப்பின் விதி. துண்டிக்கப்பட்ட பஃபரின்மேல் இருந்த எல்லா வியூக்களின் நீளமும் 0 ஆகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, முகவரி மாறவில்லை என்பதுதான். அந்த 1024 பைட் அதே இடத்தில், சி நிரல் எழுதிய சரியான எண்களோடு இன்னும் இருக்கிறது. வீட்டு இலக்கம் அதேதான்; நீங்கள் எட்டிப்பார்க்கும் ஜன்னல்தான் கழன்றுவிட்டது. செத்த வியூவில் எந்த இடத்தைப் படித்தாலும் ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு இல்லை) கிடைக்கும். அதோடு ஓர் எண்ணைக் கூட்டினால் ‘நாட்-எ-நம்பர்’. அதில் எழுதினால் எழுதியது காற்றோடு போகும், எச்சரிக்கை இராது. செட் என்ற செயற்கூறு மட்டும் செத்த வியூவில் பிழை எறியும். ஆனால் நீங்கள் செட்டை ஹீப்யு8 வழியாக அழைத்தீர்கள், அந்த வியூவை எம்ஸ்கிரிப்டன் தானே புதுப்பித்துக்கொள்வதால் அங்கும் பிழை வரவில்லை. ஹீப்யு8-ஐயும் தொடக்கத்திலேயே வேறொரு மாறியில் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பீர்கள். ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே மாறியில் வைத்துக்கொள்ள வேண்டியது முகவரி என்ற எண்ணை, வியூவை அல்ல. சி செயற்கூறு திரும்பிய பிறகு, படிக்கும் தறுவாயில் வியூவை அமையுங்கள். அமைத்த பின் எந்தச் சி செயற்கூற்றையும் அழைக்காமல் படித்து முடித்துவிடுங்கள். ஹிஸ்டோகிராம் நெடுநேரம் தேவை என்றால் ஸ்லைஸ் செய்து நகலாக எடுத்துக்கொள்ளுங்கள். சப்அரே போதாது, அது நகல் அல்ல; அதே பஃபரின்மீது இன்னொரு ஜன்னல்.

அணியையே நேராகச் செயற்கூற்றிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று புதுவரவு அடுத்துக் கேட்கக்கூடும். முகவரி எதிர்பார்க்கும் இடத்தில் மூன்று உறுப்புள்ள அணியைக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக மாற்ற முயன்று தோற்று, 0 என்று அனுப்பிவிடும். 7 என்ற ஓர் உறுப்பு மட்டும் கொண்ட அணி என்றால் முகவரி 7 என்று போகும், இது இன்னும் வேடிக்கை. மேசைக்கணினியில் 0 முகவரியைத் தொட்டால் நிரல் விழும். வெப்அசெம்ப்ளியில் 0 மற்ற முகவரிகளைப் போன்ற ஒன்றுதான், விழாது. அங்கே என்ன இருக்கிறதோ அதைப் படித்துக் கணக்கிட்டு, ஏதோ ஒரு விடையோடு மரியாதையாகத் திரும்பும்.

#6 துருப்பிடித்தவன்

பெயரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள், நான் ரஸ்ட் (துரு) என்ற நிரல்மொழிப் பக்கத்து ஆள். இந்தக் கதையைப் படிக்கும்போது, ரஸ்டை ஜாவாஸ்கிரிப்டோடு இணைக்கும் வாஸம்-பைண்ட்ஜென் என்ற கருவி ஏன் பிடிவாதமாக நகலெடுக்கிறது என்பது புரிகிறது. ரஸ்டில் ஒரு செயற்கூறு பைட் துண்டைக் கடனாக வாங்கிக்கொள்வதாக எழுதினால், அந்தக் கருவி ஜாவாஸ்கிரிப்ட் அணியை வெப்அசெம்ப்ளி நினைவகத்தில் நகலெடுத்துக் கொடுக்கிறது. மாற்றத்தக்க கடன் என்றால், வேலை முடிந்ததும் மாறிய பைட்டுகளை அழைத்தவரின் அணிக்குத் திரும்ப நகலெடுக்கிறது. வெக் என்ற வளரும் அணி ஒன்றைத் திருப்பினால் நகல் எடுத்து, மூலத்தை அதுவே விடுவிக்கிறது. நகலெடுக்காமல் வியூ தரும் வழியும் இருக்கிறது. ஆனால் அதை அழைக்க ‘அன்சேஃப்’ (பாதுகாப்பற்றது) என்று எழுதி உங்கள் தலையில் பொறுப்பை ஏற்ற வேண்டும். அதன் ஆவணத்தில் உள்ள எச்சரிக்கை, ஏட்டுச்சுவடிக்கு நேர்ந்தது அப்படியே.

என் கருத்து, எப்போதும் நகலெடுங்கள் என்பதே. ஜேபெக் கோப்பை விரித்துக் கேன்வாஸில் தீட்டி, அதிலிருந்து புள்ளிகளைத் திரும்ப எடுக்கும் வேலையோடு ஒப்பிட்டால், 48 மெகாபைட்டைத் தொடர்ச்சியாக ஒரே மூச்சில் நகலெடுப்பது ஒரு பொருட்டே அல்ல. செலவு மிகுவது, புள்ளி ஒன்றுக்கு ஒரு முறை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வெப்அசெம்ப்ளிக்குத் தாண்டி அழைக்கும்போதுதான். 1 கோடியே 20 இலட்சம் அழைப்புகளை எவராலும் மலிவாக்க முடியாது.

#7 அரைப்புள்ளி

‘எப்போதும்’ என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே போவது நகலாகத்தான் போக வேண்டும். வெப்அசெம்ப்ளிக்குத் தன் நினைவகத்தைத் தவிர வேறெதையும் தொட இயலாது என்பதால் அதில் தேர்வே இல்லை. வெளியே வருவதில் தேர்வு இருக்கிறது. சரிசெய்யப்பட்ட படத்தைக் கேன்வாஸில் இடுவதற்கு, அதன் முகவரியின்மீது யுஇன்ட்8கிளாம்ப்டுஅரே என்ற வகை வியூ ஒன்றை அமைத்து, அதைக் கொண்டே, கேன்வாஸ் ஏற்கும் படப் பொருளான இமேஜ்டேட்டா உருவாக்கி உடனே தீட்டிவிடலாம். இடையில் சி அழைப்பு எதுவும் இல்லாதவரை அந்த வியூ சாகாது. 48 மெகாபைட் நகல் ஒன்று மிச்சம். கைப்பேசியில் நேரத்தைவிட நினைவகமே முதலில் தீர்ந்துபோகும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் இதைப் ஒரே நேரத்தில் பல இழைகளில் (த்ரெட்) ஓடும் கட்டமைப்பில் செய்ய முயலாதீர்கள். அங்கே நினைவகம், இழைகள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டுஅரேபஃபராக இருக்கும். இமேஜ்டேட்டா அதை ஏற்காது. வளரும்போது அங்கே வியூ துண்டிக்கப்படுவதும் இல்லை. பழைய வியூ பழைய நீளத்தோடு உயிருடன் இருக்கும், புதிதாக வந்த பகுதி மட்டும் அதற்குத் தெரியாது. ஒரு வகையில் அது நல்லது, ஒரு வகையில் வழுவை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பது.

சி++ எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. பைட்_எண்ணி சொன்ன ‘முகவரி மாறாது’ என்பது மாலக் கொடுத்த இடத்துக்கு உண்மை. ஸ்டாண்டர்டு வெக்டர் என்ற வளரும் அணியின் தரவு முகவரியை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிட்டு, அதே வெக்டரில் பிறகு உறுப்புகளைச் சேர்த்தால், அது வேறிடத்துக்குக் குடிபெயரக்கூடும். அப்போது நினைவகம் வளராமல் இருந்தாலும் முகவரியே பொய்யாகிவிடும். வியூவின் நீளம் 0 ஆகாது, பழைய குப்பையைக் காட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு தனி விவாத இழைக்கு உரியது.

பின்ன எண் அணிகளைக் கடத்துவோர், முகவரி பைட்டில் எண்ணப்படுகிறது என்பதையும் ஹீப்எஃப்32-இன் இடஎண் நான்கு பைட்டுக்கு ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது. செட்டுக்கு முகவரியை நான்கால் வகுத்துக் கொடுக்க வேண்டும். வகுக்காமல் கொடுத்தால் நான்கு மடங்கு தள்ளிப்போய் வேறு யாருடைய வீட்டிலோ எழுதும். மாறாக, பஃபரின்மீது நீங்களே புதிய ஃப்ளோட்32அரே அமைத்தால் முகவரியை வகுக்காமல் கொடுக்க வேண்டும். அது நான்கால் வகுபடாத எண் என்றால் உலாவி பிழை எறியும். மாலக் தரும் முகவரி எப்போதும் வகுபடும் என்பதால், அந்தப் பிழை வந்தால் எங்கோ கையால் ஒரு பைட்டைக் கூட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கடைசியாக ஏட்டுச்சுவடிக்கு ஒரு கேள்வி. ஓட்சு கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் ஏன் செய்கிறீர்கள்? அதைச் சி-யிலேயே முடித்தால் திரும்பி வரவேண்டியது 256 எண்கள் அல்ல, ஒரே எண். அதற்கு வியூவே வேண்டாம்.

#8 ஏட்டுச்சுவடி

அரைப்புள்ளி அவர்களே, ஹிஸ்டோகிராமைத் திரையில் வரைந்து காட்டி, எல்லையைப் பயனர் கையால் நகர்த்த விடுகிறோம். அதனால்தான் 256 எண்களும் வேண்டும்.

பைட்_எண்ணி ஐயா சொன்னபடி வியூவை அழைப்புக்குப் பின்னால் நகர்த்தினேன். ஒரு வரியின் இடம் மாறியது, அவ்வளவுதான். பெரிய பக்கத்திலும் 256 எண்கள் வந்துவிட்டன. எல்லை, மேசைக்கணினி தந்த எண்ணோடு பொருந்துகிறது. கூடவே ஹிஸ்டோகிராமை மாலக்கிலிருந்து எடுத்து, சி கோப்பில், நிரல் ஓடும்வரை நிலைத்திருக்கும் ஒரு ஸ்டாட்டிக் அணியாக மாற்றினேன். அதன் முகவரியைத் திருப்பும் சிறிய செயற்கூறு ஒன்றும் சேர்த்தேன். அதை விடுவிக்கும் கவலை தீர்ந்தது.

இப்போது புதிய சிக்கல். ஒரு நூலின் எல்லாப் பக்கங்களையும் சுழற்சியில் இட்டு ஓட்டினேன். எல்லாம் ஒரே அளவு, 4000க்கு 3000. 44 பக்கங்கள் ஒழுங்காக வந்தன. 45ஆவது பக்கத்தில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. பக்கத்தை மாற்றிப் போட்டாலும் 45ஆவதாக எது வருகிறதோ அதில் நிற்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும், மாலக் தந்த இடத்தை விடுவிக்கும் ஃப்ரீயை அழைக்கிறேன், கண்ணால் பார்த்து உறுதிசெய்துவிட்டேன். தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, அந்த ஃப்ரீ வரியில் உலாவி ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் உறைந்து நிற்கிறது.

#9 பைட்_எண்ணி

44 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்கிறது. வளர அனுமதித்தாலும் எம்ஸ்கிரிப்டன் இயல்பாக 2 கிகாபைட்டோடு நிறுத்திக்கொள்ளும். 214 கோடியே 74 இலட்சத்துச் சொச்சத்தை 4 கோடியே 80 இலட்சத்தால் வகுத்தால் 44.7. ஆக ஒரு படம்கூட விடுவிக்கப்படவில்லை.

மீதிப் பாதியை அந்த உறைதல் சொல்கிறது. ஃப்ரீ என்பது ஓர் எண்ணை வாங்கிச் சில குறிப்புகளைத் திருத்திவிட்டுத் திரும்பும் செயற்கூறு. அது விநாடிக் கணக்கில் நிற்க வழியே இல்லை. நீங்கள் அதற்கு முகவரியைக் கொடுக்கிறீர்களா, படத்தின் வியூவைக் கொடுக்கிறீர்களா? வியூவைக் கொடுத்திருந்தால் #5இல் சொன்ன மாற்றம்தான் அங்கே நடக்கும். அதை எண்ணாக்கும் முயற்சியில் ஜாவாஸ்கிரிப்ட் முதலில் 4 கோடியே 80 இலட்சம் உறுப்புகளையும் காற்புள்ளியிட்டு ஒரு சரமாகக் கோக்கும். அதுதான் உறைதல். அந்தச் சரம் எண் ஆகாது என்று கண்டு 0 என்று அனுப்பும். ஃப்ரீக்கு 0 கொடுத்தால் எதுவும் செய்யாமல் திரும்ப வேண்டும் என்பது சி மொழியின் விதி. அது விதிப்படி நடந்துகொண்டது.

#10 ஏட்டுச்சுவடி

வியூவைத்தான் கொடுத்திருக்கிறேன். அரைப்புள்ளி சொன்னபடி இமேஜ்டேட்டாவுக்காக அமைத்த வியூவுக்கு, முகவரிக்கு வைத்திருந்த பெயரையே வைத்துவிட்டேன். முகவரி அதற்கடியில் மறைந்துவிட்டது. பெயரை மாற்றினேன், இப்போது 312 பக்கங்களும் ஓடி முடிந்தன. ஆனால் வேலை முடிந்த பிறகும் உலாவித் தாவல் நினைவகத்தைத் திரும்பத் தரவில்லையே, அதுவும் என் பிழையா?

#11 அரைப்புள்ளி

இல்லை. வெப்அசெம்ப்ளி நினைவகத்துக்கு வளரத் தெரியும், சுருங்கத் தெரியாது. ஃப்ரீ செய்த இடம் அடுத்த மாலக்குக்குப் பயன்படுமே ஒழிய இயக்கத்தளத்துக்குத் திரும்பாது. முழு வேலையையும், பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வெப் வொர்க்கருக்குள் வைத்து, நூல் முடிந்ததும் அந்த வொர்க்கரையே நிறுத்திவிடுங்கள்; நினைவகம் முழுவதும் போய்விடும். படத்தை வொர்க்கருக்கு அனுப்பும்போது இமேஜ்டேட்டாவின் பஃபரை உரிமை மாற்றிக் கொடுக்கலாம், நகல் ஆகாது. திரும்ப அனுப்பும்போது மட்டும் ஸ்லைஸ் செய்த நகலின் பஃபரை அனுப்புங்கள். வெப்அசெம்ப்ளியின் சொந்த பஃபரை உரிமை மாற்ற முயன்றால் உலாவி மறுத்துப் பிழை எறியும்.

#12 ஏட்டுச்சுவடி

வொர்க்கருக்கு மாற்றியாகிவிட்டது. நூல் முடிந்ததும் தாவலின் அளவு தொடக்கத்தில் இருந்த இடத்துக்கே இறங்குகிறது. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்க்குமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.